ஜகார்த்தாவில் தங்கம் வாங்கித் தந்த பள்ளிக்கூட வாத்தியார்! சாகும் முன் சாதித்துக் காட்டிய ரகீம் சாப்

சென்னை, ஜூன் 11-

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சின்ன இடம் கிடைத்தாலும் போதும். நாலு செங்கல்லை வைத்து கோல்போஸ்ட் ஆக்கி, பொடிப்பசங்க வெறுங்காலோடு பந்து உதைத்துக் கொண்டிருப்பார்கள். அவர்களிடம் மெஸ்சி யார், ரொனால்டோ யார் என்று கேட்டால் பிறந்த தேதியோடு சொல்வார்கள். ரகீம் யார் என்று கேட்டால் திருதிருவென விழிப்பார்கள். பசங்க மேல் தப்பு இல்லை. பெரியவர்களுக்கே தெரியாதே!

இந்தியா கால்பந்தில் ஆசியாவையே ஆட்டிப்படைத்த காலம் ஒன்று இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீங்க. ஒலிம்பிக்கில் அரைஇறுதி வரை போனோம். ஆசிய விளையாட்டில் 2 தடவை தங்கப்பதக்கம் வாங்கினோம். இதற்கெல்லாம் பின்னால் நின்றவர் வெள்ளைக்காரர் இல்லை. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கிய ஆளும் இல்லை. ஐதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சையது அப்துல் ரகீம். ஆட்டக்காரர்களுக்கு அவர் 'ரகீம் சாப்'.

1963-ம் ஆண்டு இதே ஜூன் 11-ந்தேதிதான் அவர் கண்ணை மூடினார்.

சாக்பீசும் விசிலும்

ரகீம் பிறந்தது 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந்தேதி. நிஜாம் ஆட்சியில் இருந்த ஐதராபாத். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் சும்மா இல்லை, ஆபீஸ் நாற்காலி தேடி வரும். இவரோ பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் போனார். காச்சிகுடா பள்ளி உள்பட சில பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். சாயங்காலம் ஆனால் பந்தோடு மைதானத்துக்கு ஓடிவிடுவார். உள்ளூர் கிளப் அணிகளில் அவரே நல்ல ஆட்டக்காரர்.

பிறகு உடற்பயிற்சி ஆசிரியருக்கான படிப்பையும் படித்து, பள்ளி விளையாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நம்ம ஊரில் பி.டி. வாத்தியார் என்போமே, அதேதான். 1943-ம் ஆண்டு ஐதராபாத் கால்பந்து சங்கத்துக்கு செயலாளர் ஆனார். சாகிற வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம். பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950-ல் இருந்து 1954 வரை வரிசையாக 5 வருஷம் இந்தப் போலீஸ்காரர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். டூரண்ட் கோப்பையும் ஐதராபாத்துக்கு வந்தது. கால்பந்து என்றால் கல்கத்தா, கல்கத்தா என்றால் கால்பந்து என்று இருந்த நேரத்தில், தெற்கே இருந்து ஒரு வாத்தியார் போய் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் தூக்கத்தைக் கெடுத்தார்.

இடது காலால் மட்டும் உதை!

அப்படி என்னதான் செய்தார்?

அப்போதெல்லாம் நம்ம ஆட்கள் பந்து கிடைத்தால் விடவே மாட்டார்கள். ஒருத்தரே நாலு பேரை ஏமாற்றி வெட்டிக்கொண்டு ஓடுவார். கேலரியில் கைதட்டல் பறக்கும். கடைசியில் பந்து எதிரி காலில் போய் விழும். ரகீமுக்கு இது பிடிக்கவே பிடிக்காது.

அதற்கு அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பந்தை வெட்டி ஓட்டக்கூடாது, வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதி போட்டு, அதற்கென்றே தனியாகப் போட்டிகள் நடத்தினார். இன்னொரு போட்டியில் யாருக்கு எந்தக் கால் சரியாக வராதோ, அந்தக் காலால் மட்டும்தான் உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால் உதைக்கணும். முதலில் பார்க்கிறவர்களுக்கு சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். பழகப்பழக ஆட்டக்காரர்களுக்கு இரண்டு காலும் ஒன்றாகிவிட்டது.

இது பக்கா வாத்தியார் புத்தி. கணக்கில் வீக்காக இருக்கும் பையனுக்கு கணக்கையே திரும்பத்திரும்பக் கொடுப்பது மாதிரி. புத்தகத்தைப் பார்த்து இதைச் செய்திருக்க முடியாது. வகுப்பறையில் நின்று பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

சைக்கிளுக்கு வாடகை கொடுத்தார்

செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடா என்று ராணுவ முகாமை ஒட்டிய ஒரு ஊர். அங்கே ஏழை வீட்டுப் பையன் துளசிதாஸ் பலராம். கால்பந்து என்றால் உயிர். ஆனால் பூட்ஸ் வாங்கக் காசு கிடையாது. போலீசார் கழித்துப்போட்ட பழைய பூட்சை, செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து கால்பந்து பூட்சாக மாற்றித் தைத்து வாங்கினான். அதற்கு 2 ரூபாய். அந்த 2 ரூபாயும் கடன்!

உள்ளூர் ஆட்டம் ஒன்றில் இந்தப் பையன் ரகீம் கண்ணில் பட்டுவிட்டான். ஐதராபாத் அணி தேர்வுக்கு வரச் சொன்னார். பையனுக்கு சந்தோஷம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். தினமும் அவ்வளவு தூரம் போய்வரக் காசுக்கு எங்கே போவது? தயங்கித் தயங்கி வாத்தியாரிடமே சொல்லிவிட்டான். ரகீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்தார். பையன் தினமும் சைக்கிள் மிதித்து பயிற்சிக்கு வந்தான்.

அந்தப் பையன் 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போனான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டான். ஆசியாவே பேசிய ஆட்டக்காரன் ஆனான். 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் தன் 80-களில் பலராம் காலமானார். ஒரு சைக்கிள் வாடகையில் எத்தனை தூரம் போக முடியும் பாருங்கள்.

நம்ம தமிழர் ஒருவரும் ரகீம் பட்டறையில் இருந்தார். அவர்தான் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். நல்ல உயரம், நீளமான கை. ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக ஆடியவர். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கும் அந்த அணி 1955-லும், 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. தங்கராஜின் கதை தனிக்கதை. அவர் பெயர் இந்தச் செய்தியில் இன்னொரு தடவை வரும்.

10 கோல் வாங்கினோம்

ரகீம் இந்திய அணியின் பயிற்சியாளராக எடுத்த எடுப்பிலேயே வெற்றி. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வீழ்த்தி தங்கம் வாங்கினோம். கோல் போட்டவர் மேவாலால்.

அடுத்த வருஷமே தலையில் இடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். பின்லாந்து நாட்டு குளிரில் நம்ம ஆட்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே யூகோஸ்லாவியா. 10-1 என்று மண்ணைக் கவ்வினோம். ஊரே சிரித்தது.

வேறு ஆளாக இருந்தால் குளிர் மேல் பழி போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு தோல்வியோடு வெறுங்கால் ஆட்டத்துக்கு முடிவு கட்டப்பட்டது. இனிமேல் பூட்ஸ் கட்டாயம் என்று கால்பந்து சம்மேளனம் உத்தரவு போட்டது. ரகீமும் ஆட்டத்தின் அடிப்படையையே மாற்றினார். வெளிநாட்டுக்காரன் எப்படி நிற்கிறான், எப்படி ஓடுகிறான் என்பதை எல்லாம் கவனித்து வந்து இங்கே சொல்லிக்கொடுத்தார்.

4 வருஷம் கழித்து 1956 மெல்போர்ன் ஒலிம்பிக். போட்டி நடத்தும் ஆஸ்திரேலியாவையே 4-2 என்று சாய்த்தோம். நெவில் டிசோசா ஹாட்ரிக் கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியாக்காரர் ஒருவர் ஹாட்ரிக் போட்டது அதுதான் முதல்முறை. அரைஇறுதியில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா! இந்தத் தடவை முதல் கோல் நம்முடையது. ஸ்டேடியமே வாய் பிளந்தது. ஆனால் சுதாரித்துக்கொண்ட யூகோஸ்லாவியா 4 கோல் திருப்பிப் போட்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் தோற்று 4-வது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உச்சம் அதுதான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1-1 என்று டிரா செய்தோம். ஆனாலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அந்த அணியில் ரகீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். அப்பா பயிற்சியாளர், மகன் ஆட்டக்காரர். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட மகனை அப்பா களத்தில் இறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே மகன் ஊர் திரும்பினார். இன்றைக்கு இருக்கும் நிலைமையில் இதைக் கேட்டால் யாரும் நம்புவார்களா?

ஆனாலும் ஐதராபாத் பசங்களுக்கே இடம் கொடுக்கிறார் என்று கல்கத்தா பக்கம் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. ஜகார்த்தா அணியின் கேப்டன் யார்? கல்கத்தாவின் செல்லப்பிள்ளை சுனி கோஸ்வாமி. முன்வரிசையில் வங்காளத்து பி.கே.பானர்ஜி, பின்வரிசையில் பஞ்சாப் சிங்கம் ஜர்னைல்சிங், கேரளாவின் சந்திரசேகர். முணுமுணுத்தவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

தலையில் தையலோடு கோல்

1962 ஆகஸ்டு கடைசி. இந்தோனேசியாவின் ஜகார்த்தா. ரகீமுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. நுரையீரலில் புற்றுநோய். ஆனாலும் அணியோடு விமானம் ஏறிவிட்டார்.

முதல் ஆட்டமே தோல்வி. தென்கொரியா 2-0 என்று நம்மை வீழ்த்தியது. 1956, 1960 இரண்டு முறையும் ஆசியக் கோப்பையை வாங்கிய பலமான அணி அது. இனி ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பலர் நினைத்தார்கள். அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் தோற்கடித்து அரைஇறுதிக்குள் நுழைந்தோம்.

ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் ஒரு விபரீதம். தடுப்பாட்டத்தில் மலை மாதிரி நின்ற ஜர்னைல்சிங்குக்கு தலையில் பலத்த அடி. தையல் போட்டார்கள். தடுப்பாட்டக்காரர் பந்தைத் தலையால் முட்டித் தள்ளாமல் எப்படி ஆட முடியும்? அந்தக் காலத்தில் பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றவும் முடியாது.

ரகீம் யோசித்தார். ஜர்னைலை அணியை விட்டுத் தூக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, கோல் போடும் இடத்தில் நிறுத்தினார்! அவருடைய இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். பைத்தியக்காரத்தனம் என்றுகூட சிலர் நினைத்திருக்கலாம். அரைஇறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று ஜெயித்தோம். அதில் ஒரு கோல் ஜர்னைல்சிங் போட்டது.

கல்வீச்சு, கலவரம்

இதற்கிடையில் ஜகார்த்தாவே கொந்தளித்துக் கொண்டிருந்தது. இஸ்ரேலையும், தைவானையும் போட்டிக்கு வரவிடாமல் இந்தோனேசியா தடுத்தது. இந்திய விளையாட்டு அதிகாரி சோந்தி இதைத் தட்டிக்கேட்டார். அப்படி நடந்தால் இதை ஆசிய விளையாட்டு என்றே சொல்லக்கூடாது என்று வாதாடினார். அவ்வளவுதான். இந்தியா என்றாலே அங்கே ஜனங்களுக்கு ஆத்திரம். கும்பல் ஒன்று இந்தியத் தூதரகத்தில் புகுந்து அடித்து நொறுக்கியது.

நம்ம ஆட்டக்காரர்கள் போன பஸ் மீதும் கல் பறந்தது. தலைப்பாகை வைத்த சர்தார்ஜி வீரர்களைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், ஜன்னலுக்குக் கீழே பஸ் தரையில் அவர்களை உட்கார வைத்து அழைத்துப்போன கதையை அந்த அணியினர் பின்னாளில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

இறுதிப்போட்டிக்கு முந்தைய ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை. அன்று ரகீம் ஆட்டக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். எனக்கு உங்களிடம் இருந்து ஒரு பரிசு வேண்டும், நாளைக்கு அந்தத் தங்கத்தை வாங்கிக்கொடுங்கள் என்கிற மாதிரி கேட்டதாக பி.கே.பானர்ஜி பல வருஷம் கழித்தும் கண்கலங்கச் சொல்வது உண்டு.

ஒரு லட்சம் பேர் எதிர்ப்பு

செப்டம்பர் 4-ந்தேதி. செனாயன் ஸ்டேடியம். சோவியத் ரஷியா உதவியுடன் அந்தப் போட்டிக்காகவே கட்டிய பிரமாண்ட மைதானம். சுமார் ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேரும் நமக்கு எதிரி. இந்திய தேசியகீதம் ஒலித்தபோது கூச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்குள் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஆக்கி வீரர்கள்! ஆக்கியில் நமக்கு ஜென்மப் பகையாளிகள், அன்றைக்கு நமக்கு அண்ணன் தம்பிகள்.

எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. ரகீம் இங்கேயும் ஒரு சீட்டை இறக்கினார். காய்ச்சலில் படுத்துக்கிடந்த நம்ம தங்கராஜை கோல் கீப்பராக நிறுத்தினார். அதுவரை நன்றாக ஆடிய பிரத்யுத் பர்மன் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. பந்தை உயரத் தூக்கிப்போட்டுத் தாக்கும் கொரியர்களைச் சமாளிக்க உயரமான ஆள்தான் சரி என்பது வாத்தியார் கணக்கு.

17-வது நிமிஷம். பி.கே.பானர்ஜி கோல்! கொரியாக்காரர்கள் சுதாரிப்பதற்குள் 20-வது நிமிஷம் இன்னொன்று. போட்டது யார்? தலையில் தையலோடு முன்வரிசையில் நின்ற ஜர்னைல்சிங். அதன்பிறகு கொரியா முட்டி மோதிப் பார்த்தது. தங்கராஜும் பின்வரிசையும் விடவில்லை. கடைசி நேரத்தில்தான் ஒரு கோல் திருப்ப முடிந்தது.

2-1. தங்கம் நமக்கு. கூச்சல் போட்ட ஸ்டேடியம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் கேட்ட பரிசு வந்து சேர்ந்தது.

9 மாதத்தில் மரணம்

ஊர் திரும்பிய ரகீமை நோய் விடவில்லை. படுக்கையில் தள்ளியது. ஜகார்த்தா வெற்றிக்கு 9 மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ந்தேதி உயிர் பிரிந்தது. 54 வயதுகூட முடியவில்லை.

பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் துரோணாச்சாரியா விருது 1985-ல்தான் தொடங்கியது. அதைக் கண்ணால் பார்க்கக்கூட அவர் இல்லை. அஜய் தேவ்கன் நடித்து 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தைப் பார்த்துத்தான் பலருக்கு இப்படி ஒருவர் இருந்தார் என்பதே தெரிந்தது. 61 வருஷம் கழித்து! சினிமாவுக்காக மசாலா கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, பெயராவது வெளியே வந்ததே.

ரோம் நகரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகன் ஹக்கீம், விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர் ஆனார். பிறகு சர்வதேச நடுவராகவும், பயிற்சியாளராகவும் பேர் எடுத்தார். 2021 ஆகஸ்டில் அவரும் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு, 2020-ல், மார்ச்சில் பி.கே.பானர்ஜியும், ஏப்ரல் கடைசியில் சுனி கோஸ்வாமியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். நம்ம தங்கராஜ் 2008-லேயே மறைந்துவிட்டார்.

ரோமுக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஜகார்த்தாவுக்குப் பிறகு, 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்தது வரைக்கும், ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இன்னொரு தங்கம் வரவில்லை. இடையில் 1970-ல் பாங்காக்கில் மட்டும் ஒரு வெண்கலம் கிடைத்தது. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர், ஜகார்த்தாவில் முதல் கோல் போட்ட பி.கே.பானர்ஜி.